கடல்நீர்ப் பரிசோதனைக்கு ஓர் ஆய்வகம்: ஓராண்டு பயன்படுத்திய பின் எழுதும் மதிப்பீடு

சென்னையில் இயங்கும் ஒரு தனியார் பரிசோதனை ஆய்வகத்தின் சேவையை நாங்கள் ஓராண்டு கட்டணம் செலுத்திப் பயன்படுத்தினோம். எண்ணூர்க் கழிமுகம், அடையாறு முகத்துவாரம், முட்டுக்காடு, கோவளம் ஆகிய நான்கு இடங்களில் கடலின் நலத்தைக் கவனித்துவரும் நான்கு சிறு குழுக்களுக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. மூன்று மாதங்களுக்கு ஒரு முறை நீரும் அடிமண்ணும் எடுத்துக் கொடுத்தோம். ஒரு தொகுப்புக்கு 5,800 ரூபாய். உலோகங்களைப் பார்க்க வேண்டுமென்றால் தனிக் கட்டணம். ஆய்வகத்தின் பெயரை நான் குறிப்பிடப் போவதில்லை. கீழே சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை குடிநீரையும் கழிவுநீரையும் பரிசோதித்துப் பழகிய எந்த ஆய்வகத்துக்கும் கடல்நீரைக் கொண்டுபோகிற எவருக்கும் நேரக்கூடியவை.

இந்தச் சேவை எங்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும், எங்கள் குழுக்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே குறிப்பேடு வைத்திருந்தன. பின்னர் அவற்றை ஒரே மேசையில் விரித்து வைத்துப் பார்த்தபோது, ஒரு பக்கத்து எண்ணை இன்னொரு பக்கத்து எண்ணோடு ஒப்பிடவே முடியவில்லை. ஒருவர் காலை பத்து மணிக்கு நீர் எடுத்திருந்தார், ஒருவர் மாலையில். ஒருவர் மேற்பரப்பில் வாளியால் முகந்திருந்தார். இன்னொருவர் ஒரு மீட்டர் ஆழத்தில் எடுத்திருந்தார். ஆகவே நால்வரும் ஒரே விதமாக எடுக்கவும் ஒரே இடத்தில் பரிசோதிக்கவும் பதினான்கு பக்கத்தில் ஒரு பொதுக் கையேடு எழுதினோம். இந்த ஆய்வகத்தை நான் மதிப்பிடும் அளவுகோலும் அந்தக் கையேடுதான். அவர்களிடம் விலை உயர்ந்த கருவிகள் இருக்கின்றன. அதில் எனக்கு ஐயமில்லை. எப்படி அளந்தோம் என்பதை எழுதித் தருகிறார்களா என்பதே என் கேள்வி.

முதல் நாள் வரவேற்பு மேசையில் இருந்த இளைஞர் படிவத்தை நீட்டி, “மேடம், போர் தண்ணியா, கழிவு தண்ணியா? ரெண்டே கட்டம்தான் இருக்கு, ஏதாவது ஒண்ணுல டிக் பண்ணுங்க” என்றார். கடல்நீர் என்றேன். சற்று யோசித்துவிட்டு அவர் கழிவுநீர்க் கட்டத்தில் குறியிட்டார். அப்போது சிரித்துவிட்டு வந்தேன். அறிக்கை வந்தபோதுதான் அந்தக் குறியின் விளைவு தெரிந்தது. நீரிலுள்ள கரிமப் பொருளை வேதிப்பொருளால் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று காட்டும் ‘வேதி ஆக்சிஜன் தேவை’ என்ற வரியில் எட்டு மாதிரிகளுக்கும் ஆலைக் கழிவுக்கு வருவது போன்ற மிகப் பெரிய எண்கள். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19 கிராம் குளோரைடு இருக்கிறது. அந்தச் சோதனையில் சேர்க்கும் டைகுரோமேட், கரிமப் பொருளோடு நில்லாமல் குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். கழிவுநீருக்குரிய அளவில் மெர்குரி சல்பேட் சேர்த்தால் இவ்வளவு குளோரைடை அடக்க முடியாது. அவர்கள் அளந்தது பெரும்பாலும் கடலின் உப்பைத்தான். கல்லூரியில் முப்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்த எனக்கு இது உடனே பிடிபட்டது. குப்பத்து இளைஞர் ஒருவர் கையில் அந்தத் தாள் கிடைத்திருந்தால், கோவளம் கடல் சாக்கடை ஆகிவிட்டது என்று அன்றே செய்தி பரவியிருக்கும்.

தரச்சான்று இருக்கிறதா என்று நாங்கள் கேட்காமல் இல்லை. பரிசோதனை ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். தரும் அங்கீகாரம் இருந்தது, சுவரில் சட்டம் போட்டு மாட்டியும் இருந்தது. ஆனால் அந்த அங்கீகாரம் ஒட்டுமொத்த ஆய்வகத்துக்கும் வழங்கப்படுவதில்லை. எந்தப் பொருளில் எந்தச் சோதனையை எந்த முறையில் செய்யலாம் என்று வரிவரியாகப் பட்டியலிட்டு வழங்கப்படுகிறது. எங்கள் ஆய்வகத்தின் பட்டியலில் குடிநீர் இருந்தது, கழிவுநீர் இருந்தது. கடல்நீருக்கு மூன்று சோதனைகள் மட்டுமே இருந்தன. அங்கீகார வரம்பைப் பணம் கட்டும் முன் கேட்டு வாங்கிப் படிக்காதது எங்கள் தவறு.

ஆக்சிஜன் விவகாரத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எண்ணூரில் எங்களோடு வரும் மூத்த மீனவர் ஒருவர், முதல் சுற்றுக்கு முன்பே, “டீச்சர், நீங்க வெயில் ஏறினப்புறம் வந்து எடுத்தா தண்ணி நல்லாத்தான் காட்டும். மீனு செத்து மெதக்கறது விடியக்காலத்துல. அப்ப வந்து எடுங்க” என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னது அறிவியலோடு அப்படியே பொருந்தும். பகலில் பாசியும் நுண்தாவரங்களும் ஆக்சிஜனை வெளியிடுகின்றன. இரவு முழுவதும் எல்லா உயிர்களும் அதைச் செலவழிக்கின்றன. ஆகவே கரைந்த ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது சூரியன் எழும் நேரத்தில். அதனால் விடியலுக்கு முன் எடுப்பது என்று கையேட்டில் எழுதி, பைபர் படகில் போய் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பினோம். அறிக்கையில் லிட்டருக்கு 7.8 மில்லிகிராம் என்று வந்தது. 30 பாகை வெப்பத்தில், முழு உப்புத்தன்மை உள்ள கடல்நீரில் காற்றிலிருந்து கரையக்கூடிய ஆக்சிஜன் 6 மில்லிகிராமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பாசி பெருகிய நீரில் நண்பகலில் அதைத் தாண்டலாம். விடியற்காலையில், அதுவும் எண்ணூரில், தாண்ட வழியே இல்லை. பிறகுதான் காரணம் புரிந்தது. அவர்கள் கொடுத்த பிளாஸ்டிக் குடுவையில் மேலே இரண்டு விரற்கடை காற்று இருந்தது. ஐஸில் குளிர்ந்த நீர் அந்தக் காற்றிலிருந்து கூடுதல் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டது. எண்ணூரிலிருந்து கன்டெய்னர் லாரிகளின் வரிசையில் ஊர்ந்து வந்த நேரமும் அதற்கு உதவியது.

இதற்குத் தீர்வு புதியதன்று. 1888இல் விங்க்ளர் வகுத்த முறையில், காற்றுக் குமிழி இல்லாமல் கண்ணாடிக் குடுவையை நிரப்பி, படகிலேயே மாங்கனீசு உப்பையும் காரம் கலந்த அயோடைடையும் சேர்த்துவிட்டால், ஆக்சிஜன் பழுப்பு வீழ்படிவாகக் கட்டுண்டுவிடும். அதன்பின் ஆய்வகத்தில் அமிலம் சேர்த்து, கட்டுண்ட ஆக்சிஜன் எவ்வளவு என்று அளந்துகொள்ளலாம். இரண்டாவது சுற்றுக்கு அந்தக் குடுவைகளையும் வேதிப்பொருள்களையும் தருமாறு கேட்டோம். தந்தார்கள், கட்டணமும் கூட்டவில்லை. இதை அவர்களுக்குச் சாதகமாகப் பதிவு செய்கிறேன். ஆனால் எங்களைப் போல் வேறு யாரேனும் கேட்டால்தான் தருவார்கள் என்பதும், கேட்கத் தெரியாதவருக்கு அதே பிளாஸ்டிக் குடுவைதான் கிடைக்கும் என்பதும் உறுத்துகிறது.

குளிப்பதற்கும் மீன்பிடிப்பதற்கும் உரிய கடலோர நீரை நம் நாட்டு விதிகள் எஸ்.டபிள்யூ. 2 என்ற வகையில் வைக்கின்றன. அதற்குக் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராம் அல்லது அந்த நீரில் கரையக்கூடிய முழு அளவில் பாதி, இவற்றில் எது அதிகமோ அது இருக்க வேண்டும்; மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியாவான மலக் கோலிஃபார்ம் 100 மில்லிலிட்டருக்கு 100க்குள்; கரிமப் பொருளைச் சிதைக்க நுண்ணுயிர்கள் செலவழிக்கும் ஆக்சிஜனான உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள். இந்தக் கடைசி எண்ணுக்கு ஒரு நிபந்தனை உண்டு: 27 பாகையில் மூன்று நாள் வைத்து அளக்க வேண்டும். எங்கள் முதல் அறிக்கையில் 20 பாகையில் ஐந்து நாள் வைத்து அளந்திருந்தார்கள், அதையும் நாங்கள் தொலைபேசியில் கேட்டபிறகே தெரிந்துகொண்டோம். இரண்டுமே முறையான சோதனைகள்தாம். ஒன்றின் எண்ணை மற்றொன்றின் வரம்போடு ஒட்டி வைத்து ‘வரம்புக்குள் உள்ளது’ என்று அச்சிட்டதுதான் பிழை.

அடிமண் உயிரினங்களைப் பற்றிய அறிக்கையே எனக்குப் பெரும் ஏமாற்றம். கடலின் நலத்தைச் சொல்வதில் நீரைவிடச் சேறு நம்பத்தக்கது. நீர் நாளுக்கு நாள் மாறும். சேற்றில் வாழும் புழுவும் சிப்பியும் ஓட முடியாமல் பல மாதச் செய்தியைத் தம் உடலில் வைத்திருக்கின்றன. எது மாசைத் தாங்கும், எது தாங்காது என்று அந்த உயிரினங்களை ஐந்து பிரிவாக்கிக் குறியீட்டெண் கணக்கிடும் முறை ஒன்றை 2000இல் ஸ்பெயினின் பாஸ்க் பகுதி ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள், ஏ.எம்.பி.ஐ. என்ற அந்த முறை இன்று பல நாடுகளில் வழக்கில் இருக்கிறது. நாங்களும் அதையே கேட்டோம். மழை முடிந்த பிறகு எடுத்த அடையாற்றுச் சேற்றில், முந்தைய ஆண்டு ஒரு கல்லூரி விலங்கியல் துறை பார்த்ததில் பாதி வகைகள்கூட இல்லை என்று ஆய்வகம் எழுதியது. நன்னீர் வெள்ளம் அடித்துச் சென்றிருக்கும் என்று நாங்களும் நம்பினோம். கையேட்டுக்காகச் சல்லடையின் கண் அளவைக் கேட்டபோதுதான், கல்லூரி அரை மில்லிமீட்டர் சல்லடையையும் ஆய்வகம் ஒரு மில்லிமீட்டர் சல்லடையையும் பயன்படுத்தியது தெரிந்தது. சென்னைச் சேற்றுப் புழுக்களில் பல நூலிழை போன்றவை; அவை ஒரு மில்லிமீட்டர் கண்ணில் நழுவித் தொட்டியோடு போய்விட்டன. ஆறு அழிந்ததாக நாங்கள் வருந்திக்கொண்டிருந்த ஒரு மாதமும் உயிர்கள் கழுநீர்த் தொட்டியில் கிடந்தன என்று எங்கள் குழு மாணவி ஒருத்தி சொன்னாள்.

இதைச் சென்னையின் தனிக் குறையாக எண்ண வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் கடல்சார் வியூகக் கட்டளையைக் கொண்டுவந்து, உயிரினப் பன்மை முதல் குப்பை, நீருக்கடி இரைச்சல் வரை 11 அம்சங்களால் கடலின் நல்ல நிலையை வரையறுத்தது. அவற்றுக்கான அளவுகோல்களை 2010இல் வெளியிட்டது. நாடுகள் ஆளுக்கொரு விதமாகப் பொருள் கொண்டதால், 2017இல் அவற்றை நீக்கிவிட்டுப் புதிதாக எழுத நேர்ந்தது. நம்மிடமும் 1991 முதல் கடலோர நீரைத் தொடர்ந்து அளக்கும் அரசுத் திட்டம் இருக்கிறது. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் இப்போது அதை நடத்துகிறது. எங்கள் எண்களை என்றாவது அந்த எண்களுக்கு அருகில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசையால்தான் முறை, முறை என்று இந்த ஆய்வகத்தை நச்சரித்தோம்.

நச்சரிப்புக்குப் பலன் இருந்தது. இரண்டாவது சுற்றில், ஒரே வாளி நீரை இரண்டு குடுவைகளில் நிரப்பி, வேறு வேறு இடங்களின் பெயரை எழுதி அனுப்பினோம். பாஸ்பேட் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்தது. அம்மோனியா ஒன்றில் மற்றதைப்போல் மூன்று மடங்கு. உண்மையைச் சொன்னதும் தொழில்நுட்ப மேலாளர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோபிக்கவில்லை. பதிவேட்டைத் திறந்து, ஒரு குடுவை குளிர்பெட்டிக்கு வெளியே ஓரிரவு இருந்ததைக் கண்டுபிடித்து, அதை எழுத்தில் ஒப்புக்கொண்டார். அதுவரை ‘கண்டறியும் அளவுக்குக் கீழ்’ என்று மொட்டையாக எழுதிவந்த உலோக வரிகளில், அந்தக் கீழ்வரம்பு எவ்வளவு என்ற எண்ணும் அடுத்த அறிக்கை முதல் இடம்பெற்றது. அந்த எண் இல்லாத வரியால் எங்களுக்கு ஒரு பயனும் இருந்ததில்லை. ஈயம் இல்லை என்பதும் ஈயத்தைப் பார்க்கும் கண் கருவிக்கு இல்லை என்பதும் தாளில் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அறிக்கைகள் ஆங்கிலத்தில் மட்டுமே வருகின்றன. பத்து வேலை நாள் என்று சொல்லிப் பதினெட்டு நாள் எடுத்துக்கொள்கிறார்கள். நேரில் வந்து மாதிரி பெற்றுக்கொள்ளும் வசதி எண்ணூருக்குக் கிடையாது. இவை சிறியவை. மாதிரிப் படிவத்தில் நீரோட்டத் திசைக்கு இடம் இல்லாததைச் சிறியதாக எண்ண முடியவில்லை. வடக்கிலிருந்து ஓடுவதை வண்ணி என்றும் தெற்கிலிருந்து ஓடுவதைத் தெண்டி என்றும் நம் மீனவர்கள் பிரித்துச் சொல்வார்கள். வண்ணி ஓடும் நாளில் எண்ணூரின் அழுக்கு எங்கே போகும், தெண்டி ஓடும் நாளில் அடையாற்றின் அழுக்கு எங்கே போகும் என்பது தெரியாமல் கோவளத்து எண்ணுக்கு விளக்கம் சொல்ல இயலாது. எங்கள் கையேட்டில் அதற்கு ஒரு வரி வைத்து, படகோட்டியையே கேட்டு நிரப்புகிறோம்.

பாஸ்பேட் போன்ற சத்துப்பொருள்கள், உப்புத்தன்மை, கோலிஃபார்ம் ஆகியவற்றுக்கு இந்த ஆய்வகத்தை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். கோலிஃபார்முக்கு மட்டும், எடுத்த ஆறு மணி நேரத்துக்குள் ஐஸில் கொண்டுசேர்க்க முடிகிறவர்களுக்கு. வேதி ஆக்சிஜன் தேவையைக் கடல்நீருக்கு இங்கே கேட்கவே வேண்டாம். எண்ணெய்க் கசிவை ஆராய விரும்புவோருக்கும் இது உதவாது: ‘எண்ணெயும் கொழுப்பும்’ என்று மொத்தமாக எடைபோட்டுத் தருகிறார்கள், சமையல் எண்ணெயா கச்சா எண்ணெயா என்று அதில் பிரித்தறிய முடியாது.

ஒப்பந்தத்தை இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பித்திருக்கிறோம். சேற்று உயிரினங்களை அதிலிருந்து நீக்கிவிட்டு, பாரிமுனையில் அரை மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுச் சல்லடை இரண்டு வாங்கி, அந்த வேலையைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்துவிட்டோம். ஒவ்வோர் எண்ணுக்கும் அருகில் முறையின் பெயரும் வெப்பநிலையும் கீழ்வரம்பும் இருக்க வேண்டும் என்ற வரி புதிய ஒப்பந்தத்தில் இருக்கிறது. வரவேற்பு மேசைப் படிவத்தில் மூன்றாவது கட்டம் இன்னும் அச்சாகவில்லை. நாங்கள் உள்ளே நுழைந்ததும் அந்த இளைஞரே ஓரத்தில் ஒரு கட்டம் வரைந்து, ‘கடல்’ என்று எழுதிக்கொள்கிறார்.