போர்வெல் தண்ணீருக்குக் கைகர் கவுண்டர்: வாங்கலாமா?

கைகர் கவுண்டர், கதிர்வீச்சை எண்ணிக் காட்டும், ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கு வரும் கையடக்கக் கருவி. தரையிலிருந்து வரும் காமா கதிர்களைப் பார்க்கப் பரவாயில்லை. டெல்டாவில் போர் தண்ணீரில் யுரேனியம் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் வாங்காதீர்கள்.

காரணம் கணக்கில் இருக்கிறது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்தது 60. அந்த 30 மைக்ரோகிராம் யுரேனியம்-238 நொடிக்கு 0.4 அணுச் சிதைவுகூடத் தராது. வருவதோ ஆல்பா துகள், தண்ணீரிலேயே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தாண்டுவதற்குள் நின்றுவிடும், கருவியை எட்டாது. திரையில் ஓடும் எண் வெறும் பின்னணிக் கதிர்வீச்சு. கரைந்த உப்புகளை மொத்தமாகக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரும் உதவாது.

ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியம் சுரங்கத்தைச் சுற்றிலும்கூடக் காமா அளவீட்டோடு நிறுத்துவதில்லை. நிலத்தடி நீரில் யுரேனியம், ரேடியம் தனியாகப் பார்க்கிறார்கள்.

அந்தக் காசை ஆய்வகத்துக்குக் கொடுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் கழுவிய பிளாஸ்டிக் பாட்டிலில் அரை லிட்டர் பிடியுங்கள். நைட்ரிக் அமிலம் சேர்த்து பி.எச். 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் யுரேனியம் பாட்டில் சுவரில் ஒட்டி அளவு குறைந்து வரும். அமிலத்தை ஆய்வகமே சேர்க்கட்டும், வீட்டில் வேண்டாம்.

வேதாரண்யம், நாகை பக்கத்து உப்புத் தண்ணீர் என்றால் தனிமங்களை நிறையால் பிரித்து அளக்கும் ஐ.சி.பி.-எம்.எஸ். சோதனையைக் கேளுங்கள். யுரேனியம் உமிழும் ஒளியை வைத்து அளக்கும் ஃப்ளோரிமீட்டரில் குளோரைடும் இரும்பும் அந்த ஒளியை மங்கவைக்கும். தெரிந்த அளவு யுரேனியம் (ஸ்டாண்டர்டு) சேர்த்துப் பார்த்து அந்த மங்கலைத் திருத்தாத ஃப்ளோரிமீட்டர் ரிப்போர்ட்டுக்குப் பணம் தராதீர்கள். அளவு கூடினால் ஆர்.ஓ. பெரும்பகுதியை நீக்கும். கொதிக்கவைத்தால் செறிவு ஏறத்தான் செய்யும்.