இடுப்பா, காரா, பெட்டகமா? லைசென்ஸ் வாங்கிய பிறகு கைத்துப்பாக்கி எங்கே இருக்கிறது?

2021 மார்ச்சில், கைத்துப்பாக்கியை வெளியே எடுத்துப்போவதற்கான டெக்சாஸ் மாநில லைசென்ஸ் என் கைக்கு வந்தது. ஒரு சனிக்கிழமை முழுக்க வகுப்பு, 50 தோட்டா சுட்டுக் காட்டும் தேர்வு, கைரேகை, 40 டாலர் கட்டணம். அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய பெரும்பாலானவர்கள் லைசென்ஸே இல்லாமல் கைத்துப்பாக்கியோடு வெளியே போகலாம் என்று சட்டம் மாறிவிட்டது. நம்ம ராசி அப்படி.

லைசென்ஸ் வாங்கியவர்கள் எல்லோரும் எப்போதும் இடுப்பில் துப்பாக்கியோடு திரிகிறார்கள் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். அமெரிக்காவிலேயே பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். என் வகுப்பில் இருந்தவர்களில் ஆறேழு பேருடன் இன்னும் பேச்சுவார்த்தை இருக்கிறது. அதில் தினமும் உடம்போடு வைத்திருப்பவர் ஒரே ஒருவர். இரண்டு பேரின் துப்பாக்கி காரிலேயே வாழ்கிறது. மற்றவர்கள் வீட்டில் பூட்டி வைத்திருக்கிறோம். இந்த ‘றோம்’ல் நானும் உண்டு, ஆகவே எந்தப் பக்கம் சாய்வேன் என்பதை மறைத்துப் பயனில்லை.

பெரிய கணக்குகளும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கின்றன. பியூ என்ற அமெரிக்க ஆய்வு மையம் 2017இல் கேட்டபோது, கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களில் சுமார் கால்வாசிப் பேர்தான் எப்போதும் அல்லது பெரும்பாலான நேரம் அதை வெளியே எடுத்துப்போவதாகச் சொன்னார்கள். 2019இல் நடந்த இன்னொரு தேசிய ஆய்வின் மதிப்பீடு: கடந்த ஒரு மாதத்தில் ஒரு தடவையாவது குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கியை உடம்போடு எடுத்துப்போனவர்கள் சுமார் 1.6 கோடிப் பேர். தினமும் எடுத்துப்போனவர்கள் சுமார் 60 லட்சம். 2015இல் இதே எண்கள் 90 லட்சமும் 30 லட்சமுமாக இருந்தன. ஆக பழக்கம் வளர்கிறது என்பது நிஜம். ஆனால் எடுத்துப்போகிறவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோர் தினசரி ஆட்கள் இல்லை என்பதும் நிஜம்.

சரி, மூன்று வழிகளையும் பார்ப்போம். முதலில் இடுப்பு. காசு, எடை பற்றிய பாட்டை எல்லோரும் பாடுகிறார்கள், நான் சுருக்கிவிடுகிறேன். 2018இல் சிக் சாவர் பி365 என்ற குட்டித் துப்பாக்கி வந்த பிறகு எடை ஒரு சாக்கே இல்லை. அரைக் கிலோ எடையில், தோட்டா அடுக்கும் மேகசினில் பத்து தோட்டா. நான் வாங்கியது க்ளாக் 19. அது நிரப்பிய நிலையில் முக்கால் கிலோவுக்கு மேல் போகும். கடைக்காரர் சின்னதை எடுக்கச் சொன்னார், கேட்கவில்லை. பதினைந்து டாலர் பெல்ட்டில் முக்கால் கிலோவைத் தொங்கவிட்டால் பேன்ட் ஒரு பக்கமாகச் சரியும் என்பதை முதல் வாரமே கற்றுக்கொண்டு, இதற்கென்றே செய்த தடித்த பெல்ட் வாங்கினேன். சட்டைக்கு மேல் துப்பாக்கியின் வடிவம் புடைத்துத் தெரிவதை இங்கே ‘பிரிண்டிங்’ என்பார்கள். அதற்காகச் சட்டையும் ஒரு அளவு பெரிதாக வாங்கினேன். ஆகஸ்ட் மாதத்தில் டல்லாஸ் பக்கம் வெயில் 38 டிகிரியைத் தாண்டும்போது உள்ளே வேர்த்துக் கொட்டும். இதெல்லாம் தொல்லைதான், ஆனால் பழகிவிடும். இதற்காக யாரும் விட்டுவிட்டதாகச் சொன்னால் நம்ப வேண்டாம். நான் விட்டதற்குக் காரணம் வேறு.

அது கழற்றி மாட்டும் வேலை.

வகுப்பில் இதைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்கே சுடலாம், எங்கே சுடக்கூடாது, போலீஸ் நிறுத்தினால் ஓட்டுநர் உரிமத்தோடு இந்த லைசென்ஸையும் எடுத்துக் காட்ட வேண்டும் என்பதெல்லாம் சொன்னார்கள். ஒரு நாளில் எத்தனை தடவை அதைக் கழற்ற வேண்டி வரும் என்று சொல்லவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை நானே எண்ணிப் பார்த்தேன். காலையில் மாட்டினேன். மகளின் பள்ளியில் ஒரு படிவம் கொடுக்க உள்ளே போக வேண்டும், பள்ளிக் கட்டடத்துக்குள் கூடாது, காரில் கழற்றினேன். அங்கிருந்து அலுவலகம். எங்கள் கம்பெனி விதிப்படி உள்ளே அனுமதி இல்லை. ஆனால் 2011 முதல், ஊழியர் பூட்டிய காரில் வைத்திருப்பதைப் பொதுவாக முதலாளி தடுக்க முடியாது என்று டெக்சாஸ் சட்டம் சொல்கிறது. ஆகவே துப்பாக்கி காரிலேயே இருந்தது. மதியம் சாப்பிடப் போனபோது மாட்டினேன், திரும்பியதும் கழற்றினேன். மாலையில் அம்மாவை அழைத்துக்கொண்டு மருத்துவமனை. வாசலில் ‘30.06’ பலகை. தனியார் இடத்தில் லைசென்ஸ்காரர்கள் மறைத்துக் கொண்டுவருவதைத் தடுக்கும் சட்டப் பிரிவின் எண் அது. ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், ஒரு அங்குல உயர எழுத்தில் இருக்க வேண்டும் என்றுகூட விதி உண்டு. மறுபடி கழற்று. வெளியே வந்து மாட்டு. இரவு குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் வந்ததும் கழற்றிப் பூட்டு. மாட்டுவதும் கழற்றுவதுமாக ஏழெட்டுத் தடவை ஆகிவிட்டது, சினிமாவுக்கோ கூட்டாளி வீட்டு விருந்துக்கோ போகாத ஒரு சாதாரண நாளில்.

கோவிலுக்குப் போகும் நாளைக் கேட்கவே வேண்டாம். சர்ச் உட்பட வழிபாட்டு இடங்களில், அங்கே தடை அறிவிப்பு இல்லையென்றால் லைசென்ஸ்காரர் கொண்டுபோகலாம் என்று 2019இல் சட்டத்தைத் தெளிவாக்கினார்கள். சட்டம் தெளிவாகிவிட்டது, வேட்டி தெளிவாகவில்லை. வேட்டிக்கு மேல் ஹோல்ஸ்டர் (துப்பாக்கியைச் செருகி இடுப்பில் மாட்டும் கூடு) நிற்காது, சுவாமி முன்னால் கும்பிட்டு விழுந்து எழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே பக்தி போய்விடும்.

ஒவ்வொரு கழற்றலும் குண்டு நிரப்பிய, சுடத் தயாரான ஒரு பொருளைக் கையாளுவது. அதுவும் ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே வயிற்றை ஒடுக்கிக்கொண்டு, பக்கத்து வண்டிக்காரர் பார்க்கிறாரா என்று நோட்டம் விட்டுக்கொண்டு. க்ளாக்கில் கட்டைவிரலால் தள்ளும் சேஃப்டி கிடையாது. விசையை எது அழுத்தினாலும் அழுத்தியதுதான், சட்டை நுனி மாட்டினாலும் சரி. இதற்கு ஒழுங்கான வழி, ஹோல்ஸ்டரோடு சேர்த்து அப்படியே உருவி எடுப்பது. அப்போது விசை மூடியே இருக்கும். கிளிப் வைத்த ஹோல்ஸ்டரில் இது சுலபம். பெல்ட்டுக்குள் நுழைத்து மாட்டும் வகையில் முடியாது, துப்பாக்கியை மட்டும்தான் உருவ வேண்டும். என்னுடையது இரண்டாவது வகை. தெரியாமல் வாங்கியது.

இன்னொரு சங்கதி. வீட்டில் என் மனைவி போட்ட நிபந்தனை, இரவு சேம்பரில், அதாவது குழலில் சுடத் தயாராக, தோட்டா இருக்கக் கூடாது. நியாயம்தான். ஆகவே இரவு அந்த ஒரு தோட்டாவை வெளியே எடுப்பேன், காலையில் திரும்ப ஏற்றுவேன். மூன்று மாதம் கழித்து, சுடும் தளத்தில் இருந்த ஒரு பெரியவர் என் தோட்டாவைப் பார்த்துவிட்டுப் புதுத் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார். என்னுடையது கொஞ்சம் குட்டை. ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றினால் அதன் முனை உறைக்குள் அமுங்கிப்போகும். அமுங்கினால் சுடும்போது உள்ளே அழுத்தம் எகிறும், துப்பாக்கியே சேதமாகலாம். ‘இதை வைத்துச் சுட்டிருந்தால் உன் கைக்கு நான் பொறுப்பில்லை’ என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். அன்றிலிருந்து தோட்டாக்களைச் சுழற்சி முறையில் மாற்ற ஆரம்பித்தேன். தற்காப்புக்கான தோட்டா மலிவில்லை. அந்த வருடம் கடைகளில் தோட்டாவே கிடைக்காமல் ஆளாளுக்கு வரிசையில் நின்றார்கள்.

இந்தக் கழற்றி மாட்டும் வேலைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. தொல்லையாகவே உணராத அளவுக்குப் பழகிவிட்டால், இருப்பதே மறந்துபோகும். விமான நிலையப் பாதுகாப்புத் துறை 2023இல் மட்டும் சோதனைச் சாவடிகளில் 6,737 துப்பாக்கிகளைப் பிடித்தது. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குண்டு நிரப்பியவை. அட்லாண்டாவுக்கு அடுத்த இடம் எங்கள் டல்லாஸ்-ஃபோர்ட்வொர்த், 378. பிடிபட்டவர்கள் வழக்கமாகச் சொல்வது, பையில் இருந்தது ஞாபகமில்லை என்பதுதான். அபராதம் ஆயிரக்கணக்கான டாலர் வரை போகலாம். கழிப்பறைக் கதவில் மாட்டிவிட்டு மறந்துபோன கதைகளைச் சுடும் தளத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மறதிக்காரன், சாவியைத் தினமும் தேடுகிறவன்.

இரண்டாவது வழி, கார். எட்டு மாதம் கழித்து நான் சறுக்கி விழுந்த இடம் இதுதான். பலரும் இப்படித்தான் விழுகிறார்கள் என்று நினைக்கிறேன். யாரும் ஒரு நாள் உட்கார்ந்து ‘இனிமேல் கார்தான்’ என்று முடிவெடுப்பதில்லை. ‘எப்படியும் அங்கே கழற்றணும், இங்கேயே இருக்கட்டும்’ என்று ஒரு காலை தோன்றும். அப்புறம் எல்லாக் காலையும் அப்படியே. டெக்சாஸில் சொந்தக் காருக்குள் மறைத்து வைக்க 2007 முதலே லைசென்ஸ் தேவையில்லை என்பதால், லைசென்ஸ் வாங்கியதற்கே அர்த்தமில்லாமல் போகிற வழியும் இதுதான்.

மூன்றில் மோசமானது இது என்பது என் கட்சி. இடுப்பில் இருந்தால் அவசரத்துக்குக் கையில் இருக்கும். வீட்டில் இருந்தால் பூட்டியாவது இருக்கும். காரில் இருந்தால் இரண்டும் இல்லை. துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சித் துறையான ஏடிஎஃப் கணக்குப்படி 2017 முதல் 2021 வரையிலான ஐந்து ஆண்டில் தனியாரிடமிருந்து திருடுபோனதாகப் பதிவான துப்பாக்கிகள் பத்து லட்சத்துக்கு மேல். நகரங்களில் இந்தத் திருட்டில் பெரும்பங்கு வண்டிகளிலிருந்து நடக்கிறது. பக்கத்துத் தெருக்காரர் ஒருவரின் டிரக் பின்கண்ணாடியில் துப்பாக்கிக் கம்பெனி ஸ்டிக்கர் பளபளக்கும். வீட்டு வாசலில் நின்ற வண்டியை ஒரு ராத்திரி உடைத்து, டேஷ்போர்டில் இருந்த சில்லறையைக்கூடத் தொடாமல், சீட்டுக்கு அடியில் இருந்ததை மட்டும் எடுத்துப் போயிருக்கிறார்கள். காரில் வைத்தே தீர வேண்டும் என்றால், சீட்டின் இரும்புக் காலோடு கேபிளால் பிணைக்கும் சிறு பெட்டி ஐம்பது டாலருக்குள் கிடைக்கிறது. அது ஐந்து நிமிடத் திருடனைத் தடுக்கும். ராத்திரி முழுக்க நேரம் இருப்பவனைத் தடுக்காது.

மூன்றாவது, வீட்டுப் பெட்டகம். அந்த டிரக் சம்பவத்துக்கு மறுநாளே இதற்கு மாறினேன். படுக்கையறை அலமாரியில் சுவரோடு போல்ட் போட்டு முறுக்கிய சின்னப் பெட்டி. கைரேகைப் பூட்டுதான் முதலில் வாங்கினேன். ஈர விரலுக்கு மூன்று தடவையில் ஒரு தடவை திறக்காது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது இருப்பது பேட்டரியே இல்லாத, ஐந்து பொத்தான் இயந்திரப் பூட்டு. இருட்டில் தடவியே திறக்கலாம். பராமரிப்பு என்றால், சுடும் தளத்துக்குப் போய்வந்த பிறகு துடைத்து எண்ணெய் போடுவது, அவ்வளவுதான். கழற்றுவதும் மாட்டுவதும் சுத்தமாக இல்லை. அம்மாவோடு மருத்துவமனைக்குப் போனால் வாசல் பலகையைத் தேடாமல் நேராக உள்ளே போகிறேன். டெக்சாஸில் 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்கு எட்டும்படி குண்டு நிரப்பிய துப்பாக்கியை விடுவது குற்றம். அந்தக் கவலையும் இந்தப் பெட்டியோடு பெரும்பாலும் தீர்ந்தது.

‘ஏங்க, வீட்டிலேயே பூட்டி வைக்கறதுக்கு எதுக்குங்க லைசென்ஸு?’ என்று மனைவி கேட்டாள். நல்ல கேள்வி. ஆனாலும் நான்கு வருடம் முடிந்ததும் புதுப்பித்தேன், அடுத்த ஐந்து வருடத்துக்குச் செல்லும். துப்பாக்கி வாங்கும்போது கடையில் பின்னணிச் சோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம். லூசியானா, ஓக்லஹோமா பக்கம் காரில் போனால் செல்லும் (கலிபோர்னியாவும் நியூயார்க்கும் மதிப்பதில்லை). ஆஸ்டினில் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்குள் லைசென்ஸ்காரர்களுக்குத் தனி வரிசை இருக்கிறது, மெட்டல் டிடெக்டர் இல்லை. மகளின் பள்ளிச் சுற்றுலாவுக்குத் துணைக்குப் போனபோது துப்பாக்கி இல்லாமலேயே அந்த வரிசையில் நுழைந்து காட்டினேன். பிள்ளைகள் அசந்துபோனார்கள்.

என் அனுபவம் எங்கே மெலிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி தேவைப்பட்ட ஒரு நிமிடம்கூட இத்தனை வருடத்தில் எனக்கு வந்ததில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கதவு உடைந்தால் ஐந்து பொத்தானைச் சரியாக அழுத்துவேனா என்று சத்தியம் செய்ய முடியாது. நான் இருப்பது அமைதியான புறநகர், பார்ப்பது மேசை வேலை, போகும் இடமெல்லாம் தடைப் பலகைகள். மிரட்டல் விட்டுத் தொடரும் ஒருவனிடமிருந்து தப்பி வாழும் பெண்ணுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வீட்டில் மனச்சோர்வில் ஒருவர் இருந்தால் பெட்டகம்கூடப் போதாது, வீட்டை விட்டே வெளியேற்ற வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. மனைவியின் ஓட்டு முதலிலிருந்தே ‘வாங்கவே வேண்டாம்’ என்ற நான்காவது வழிக்குத்தான், அதற்கு எதிராக என்னிடம் பெரிய வாதம் ஒன்றும் இல்லை. எச்1பி விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு அந்த நான்காவது வழிதான் பொதுவாகச் சட்டமும்: வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். வகுப்புக்குப் பணம் கட்டும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தினமும் எடுத்துப்போகும் அந்த ஒரே வகுப்புத் தோழர் நெடுஞ்சாலை ஓரம் பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்த கடை நடத்துகிறார், குஜராத்தி. காலை ஐந்துக்கு மாட்டினால் இரவு பத்துக்குத்தான் கழற்றுகிறார். நாள் முழுக்கச் சொந்தக் கடை, சொந்தக் கல்லாப்பெட்டி, தடைப் பலகை வைப்பதா வேண்டாமா என்பதும் அவர் முடிவு. நடுவில் ஒரு தடவைகூடக் கழற்ற வேண்டியதில்லை. அடுத்த வருடம் கடையை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பேரனைப் பள்ளியில் விடுவது, வங்கி, டாக்டர் என்று அவரும் அலைய ஆரம்பித்த பிறகு எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கிறார் என்று பார்க்க வேண்டும். என் பழைய ஹோல்ஸ்டரை அவரிடம்தான் கொடுத்திருக்கிறேன், அந்தத் தடித்த பெல்ட்டை மட்டும் தரவில்லை. நல்ல பெல்ட்.