'அலுமினியம்' என்று விற்ற போன் ஹோல்டர்: பைக்கில் மேப் போட்டு ஓட்டுகிறவர்கள் கவனத்துக்கு

கோவையில் பைக் வைத்திருப்பவர்கள் இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள். என் பணம் போனது போகட்டும், இன்னொருவர் மலை ரோட்டில் விழுந்துவிடக் கூடாது.

இரண்டு மாதத்துக்கு முன் வால்பாறை போவதற்காகக் காந்திபுரம் பக்கம் ஒரு ஆக்சஸரீஸ் கடையில் போன் ஹோல்டர் வாங்கினேன். ஹோல்டர் 950 ரூபாய், சார்ஜர் மாட்டி ஒயர் இழுக்க 450. "முழுக்க அலுமினியமுங்க. புல்லட் ஆட்டத்துக்கெல்லாம் அசையவே அசையாது" என்றார் கடைக்காரர். பில் கேட்டதற்கு, "நாங்க எங்கீங்க ஓடிப் போயிரப் போறோம்?" என்று விசிட்டிங் கார்டை நீட்டினார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆழியாறு தாண்டினால் வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். 9-ஆவது வளைவில் லோம்ஸ் வியூ என்ற காட்சிமுனையில் நின்றுவிட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தோம். ஒரு வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது 'டக்' என்று சத்தம். ஹோல்டரின் கழுத்து ஒடிந்து, போன் சார்ஜர் ஒயரில் தொங்கி, டேங்கில் மோதி, ரோட்டில் விழுந்தது. என்னையறியாமல் கண் அதன் பின்னால் போய்விட்டது. நிமிர்ந்து பிரேக் பிடித்தபோது முன்சக்கரத்துக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே இரண்டடிதான் இருந்தது. பின் சீட்டில் என் மனைவி. இப்போது நினைத்தாலும் கை உதறுகிறது.

ஒடிந்த துண்டை எடுத்துப் பார்த்தேன். மேலே பளபளவென்று கறுப்புப் பூச்சு. உடைந்த இடமோ சாம்பல் நிறத்தில், ரஸ்க்கைப் பிட்டது போலப் பொரபொரவென்று, நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு இரண்டு ஓட்டைகளோடு இருந்தது. கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் மாமா கையில் வாங்கியதுமே சொல்லிவிட்டார்: "இது துத்தநாகத்தை உருக்கி அச்சுல ஊத்துனது மாப்ள. அலுமினியத் தகடா இருந்தா வளைஞ்சிருக்கும், இப்படிப் பொட்டுனு போயிருக்காது."

போன் டிஸ்ப்ளேவுக்கு 4,200 ரூபாய் அழுதேன். அதோடு விட்டதா? கேமராவைத் திறந்தால் படம் நடுங்குகிறது, உள்ளே ஈ பறப்பது போல ஒரு ரீங்காரம். விழுந்ததால் மட்டும் இருக்காது, ஒன்றரை மாத அதிர்வே போதும் என்றார் சர்வீஸ் செய்தவர். இப்போதைய பல போன்களில் கை நடுக்கத்தைச் சமன் செய்ய லென்ஸ் அசையும்படி வைத்திருக்கிறார்கள். பைக் இன்ஜின் அதிர்வு நாள்பட்டால் அதைக் கெடுத்துவிடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்திருக்கிறது. என் ஹோல்டரில் அதிர்வைத் தாங்க ஒரு துண்டு ரப்பர்கூட இல்லை.

இதைவிடப் பெரிய கொடுமை ஒயரிங். மெக்கானிக் தம்பி டேங்கைக் கழற்றிக் காட்டினார். ஹெட்லைட் ஒயரைச் சுரண்டி, கையால் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். தனி ஃப்யூஸ் கிடையாது. ஹேண்டில் பாரை இடது பக்கம் முழுக்கத் திருப்பினால் ஒயர் ஃப்ரேமில் நசுங்குகிறது. அந்த இடத்தில் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா ஷார்ட் ஆயிருக்கும்ங்ணா. மேல பெட்ரோல் டேங்க் வேற."

கடைக்குப் போனால், விற்ற பொருள் வாபஸ் கிடையாது என்ற போர்டைக் காட்டுகிறார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் கொடுக்காமல் விற்பதும், பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் முறையற்ற வணிகம்தான். பில்லில் வேறு கெடு போடாவிட்டால் 30 நாள் கணக்கு. எனக்கு அந்த நாள் தாண்டிவிட்டது. ஆனாலும் ஜிபே ரசீதையும் ஒடிந்த துண்டின் போட்டோவையும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். உங்களுக்கு நடந்தால் நாளைக் கடத்தாதீர்கள்.

இப்போது நானும் மாமாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்த ஹோல்டர்தான் வண்டியில் இருக்கிறது. உக்கடம் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கிய 5 மி.மீ. அலுமினியத் தகடு. என் ஹேண்டில் பார் 22 மி.மீ.; எல்லா வண்டிக்கும் அதே அளவு இருக்காது, அளந்துவிட்டுக் க்ளாம்ப் வாங்குங்கள். க்ளாம்புக்கும் பாருக்கும் நடுவில் சைக்கிள் ட்யூப் துண்டு, தகட்டுக்கும் க்ளாம்புக்கும் நடுவில் நான்கு ரப்பர் புஷ், எல்லா போல்ட்டுக்கும் நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் வைத்தது). சாதாரண நட் போட்டால் அதிர்வில் தானாகக் கழன்றுவிடும். போனிலிருந்து ஹேண்டிலுக்கு ஒரு நைலான் கயிறும் கட்டியிருக்கிறேன். மொத்தச் செலவு 310 ரூபாய்.

அதில் மாட்டியிருப்பது வீட்டில் சும்மா கிடந்த பழைய போன். சிம் வேண்டியதில்லை, ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவது, டவர் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். மேப்பை மட்டும் வீட்டு வைஃபையில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். சார்ஜர் ஒயரைச் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் லைனில், 2 ஆம்பியர் ஃப்யூஸோடு, மெக்கானிக் தம்பியே இழுத்துக் கொடுத்தார்.

ஏற்கெனவே ஏதாவது கடையில் சார்ஜர் மாட்டியிருக்கிறீர்களா? இன்றைக்கே ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஒயர் எங்கே நசுங்குகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். செம்பு தெரிந்தால் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.