நேற்றிருந்த பொதி இன்றில்லை: கிளிநொச்சியிலிருந்து ஒரு லினக்ஸ் அனுபவம்

கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரம் இருக்கும் எங்கள் தொடர்பகத்தில் பல ஆண்டுகளாக லினக்ஸ் இயங்குதளந்தான் ஓடுகிறது. வைரஸ் தொல்லை இல்லை, பழைய கணினியும் முனகாமல் உழைக்கிறது. என் முறைப்பாடு ஒன்றே ஒன்றுதான்: புதிய பதிப்புக்கு மாறும்போதெல்லாம் கைக்குப் பழகிய ஏதாவதொரு பொதி, அதாவது நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள், நாங்கள் இறக்கியெடுக்கும் களஞ்சியத்திலிருந்து மாயமாகிவிடுகிறது.

முதலில் போனது, பிடிஎப் கோப்புகளைக் கையாளும் பிடிஎப்டிகே. சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் கடந்தகால வினாத்தாள் அச்சிடுவதுதான் இங்கே பெரிய வேலை. ஆசிரியர்கள் பென்டிரைவில் கொண்டுவரும் ஸ்கேன் கோப்புகளில் பகுதி ஒன்று ஓரிடத்தில், பகுதி இரண்டு வேறோரிடத்தில், நடுவே ஒரு பக்கம் தலைகீழாகக் கிடக்கும். எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் நிமிர்த்திக் கோத்துத் தந்த பொதி அது. லினக்ஸில் ஒரு வகையான உபுண்டுவின் 18.04 பதிப்பை நிறுவிவிட்டுத் தேடினால், அப்படியொரு பொதியே இல்லை என்றது கணினி. காரணம் நியாயமானதுதான். உள்ளே இருந்த ஜாவா மொழி நிரலைத் தொகுக்க அது நம்பியிருந்த ஜிசிஜே என்ற தொகுப்பி, 2017இல் வெளிவந்த ஜிசிசி 7 என்ற தொகுப்பித் திரட்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அத்திவாரத்தைப் பெயர்த்தபின் வீடு எப்படி நிற்கும்? பழைய டெப் நிறுவல் கோப்பைத் தேடியெடுத்தாலும் ஜிசிஜேயின் நிரல் நூலகம் எங்கே என்று கேட்டு அடம்பிடிக்கும். கொஞ்சக் காலம் கியூபிடிஎப் என்ற இன்னொரு கருவி கைகொடுத்தது.

பிறகு ஒரு புண்ணியவான் பிடிஎப்டிகேயை முழுவதும் ஜாவாவில் மாற்றியெழுத, பிடிஎப்டிகே-ஜாவாவாகத் திரும்பி வந்தது. டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் 10ஆம் பதிப்பில் பழைய பெயரைக் கேட்டாலே புதியது வந்து அமர்ந்துகொள்கிறது. அகற்றுகிறவர்கள் இப்படி அகற்றினால் யார் குறைசொல்லப் போகிறார்கள்?

பைதான் 2 நிரல்மொழி ஓய்வுபெற்றபோது, பிடிஎப் பக்கங்களை மாற்றியடுக்கும் பிடிஎப்ஷஃப்லரும் கூடவே போனது. அதன் வழிவந்த பிடிஎப்அரேஞ்சர் உடனே கிடைத்ததால் பெரிய நட்டமில்லை.

குரோமியம் உலாவிதான் பொறுமையைச் சோதித்தது. உபுண்டு 20.04இல் ஆப்ட் என்ற வழமையான நிறுவல் கட்டளை மூலம் அதைக் கேட்டால் ஸ்னாப் என்ற வேறுவகைப் பொதி வந்து இறங்குகிறது. பெயர் அதேதான், சாமான் வேறு. எங்களுக்கு இணையம் என்பது மொபைல் டேட்டா. பகலுக்கு ஓர் ஒதுக்கீடு, இரவுக்கு ஓர் ஒதுக்கீடு. ஸ்னாப் முன்னிருப்பாக நாளுக்கு நான்கு தடவை தானே புதுப்பிப்புத் தேடும். கொழும்பில் பைபர் இணைப்போடு இருப்பவருக்கு இது சின்ன விடயம். இங்கே, விண்ணப்பம் நிரப்ப ஒருவர் வந்து காத்திருக்கையில் பகல் டேட்டா கரைந்துகொண்டிருக்கும். லினக்ஸ் மின்ட் 20 ஸ்னாப்பை முன்னிருப்பிலேயே தடுத்தது சும்மா இல்லை. நான் டெபியனுக்கு மாறிவிட்டேன். அங்கே குரோமியம் இன்றும் வழமையான பொதிதான்.

இதில் சூட்சுமம் ஒன்றுண்டு. பதிப்பை மேம்படுத்திய கணினியில், நீக்கப்பட்ட பொதி பெரும்பாலும் அப்படியே தங்கி ஓடிக்கொண்டிருக்கும். வன்தட்டு செத்து, புதிதாக நிறுவும் அன்றுதான் அது களஞ்சியத்தில் இல்லையென்றே தெரியவரும். பொதிகளை நிர்வகிக்கும் சினாப்டிக் செயலியில் இப்படி அநாதையானவற்றைத் தனியே காட்டும் பிரிவு இருக்கிறது. மேம்படுத்திய கையோடு அதைத் திறந்து பார்த்து, மாற்றுப் பொதியை அன்றைக்கே இரவு டேட்டாவில் இறக்கிவிடுவேன்.

டெபியன் 13இல் பழைய 32 பிட் கணினிகளுக்கு நிறுவும் மென்பொருளே இல்லை. உள்ளறைப் பெட்டி அப்படிப்பட்டதுதான். அது இப்போதைக்கு 12இலேயே இருக்கட்டும். வினாத்தாள் கோக்க அது போதும்.