பழைய சன்னல்களை மாற்றித் தருவதாக வருகிறவர்களிடம் கவனம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர்களில் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கடைவீடு (கீழே கடை, மாடியில் வீடு) வைத்திருப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். இப்படிப்பட்ட வீடுகளாகத் தேடி ஒரு குத்தகையாளர் (கான்ட்ராக்டர்) வருகிறார். சன்னல் உளுத்துவிட்டது, புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்பார். அவருக்கு வேண்டியது நீங்கள் கொடுக்கும் பணம் மட்டுமல்ல, கழற்றி எடுக்கும் பழைய மரமும்தான்.

எங்களுடையது தாத்தா மளிகைக் கடை வைத்திருந்த வீடு. சம்பள நாளில் தோட்டத்து மக்கள் கடன் கணக்கைத் தீர்க்க ஐந்தடியில் (கடை முகப்பில் உள்ள கூரையிட்ட நடைபாதையில்) வரிசையாக நிற்பார்களாம். இப்போது மாடியில் அம்மா இருக்கிறார். ஊராட்சி மன்றத்தின் மரபுடைமைப் பட்டியலில் உள்ள கட்டடம் என்பதால் முகப்பில் எதை மாற்றினாலும் முன் அனுமதி வேண்டும். “அனுமதியெல்லாம் வாங்கியாகிவிட்டது அம்மா, நீங்கள் கவலைப்படாதீர்கள்” என்று அந்தக் குத்தகையாளர் சொல்லிப் பாதித் தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டார். விண்ணப்பமே போகவில்லை என்பது மன்றத்திலிருந்து கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது.

அவர் அம்மாவுக்குக் காட்டியது சன்னல் கதவின் அடிச்சட்டத்தை. மழைநீர் வழிந்து தேங்கும் இடம் அது. எந்தப் பழைய சன்னலிலும் முதலில் கெடுவது அதுதான். ஆணியால் குத்தினால் உள்ளே இறங்கும். ஆனால் ஒரு சாண் மேலே அதே ஆணியால் குத்தியிருந்தால் முனை மழுங்கியிருக்கும். ஏனென்றால் அது செங்கால் (chengal) என்னும் மிகக் கடினமான மரம். தைப்பிங்கில் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் தச்சர் ஒருவர், மிச்சமிருந்த ஒரு நிலைச்சட்டத்தைப் பார்த்துவிட்டு, கெட்ட பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, அதே மரத்தில் துண்டு செதுக்கி ஒட்டுப் போட்டால் போதும், இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கும் என்றார். அதைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது.

புதிய சன்னல்களும் செங்கால்தான் என்று ரசீதில் எழுதியிருக்கிறது. காய்ந்த செங்கால் ஒரு கன மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் எடை இருக்கும்; தண்ணீரில் போட்டால் மிதந்தாலும் விளிம்பு வரை அமிழ்ந்துதான் கிடக்கும். எங்களுக்கு வந்த கதவை அம்மாவே ஒரு கையால் தூக்கி நகர்த்திவிட்டார். கருஞ்சிவப்புச் சாயத்தைச் சுரண்டினால் கீழே வெளிறிய இளஞ்சிவப்பு. மெரந்தி என்னும் மலிவான மரம். மூலைகளில் பொளியும் கழுந்தும் (ஒரு சட்டத்தின் துளையில் இன்னொன்றின் முனையைச் செருகும் இணைப்பு) கிடையாது, பசையும் ஆணியும்தான். பழைய சன்னலில் சாய்பலகைகளை ஒரு கோலால் ஏற்றி இறக்கலாம். மழை பெய்தாலும் காற்று வரும். இதில் பலகைகள் அசையாமல் அறையப்பட்டிருக்கின்றன. பகலில் மாடியில் உட்கார முடியவில்லை.

அதைவிடக் கொடுமை, நிலைச்சட்டத்தைச் சுற்றி சிமெண்ட் குழைத்து அடைத்திருக்கிறார்கள். பழைய செங்கல் சுவர் சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். சிமெண்ட் அதற்கு வழிவிடாது. ஈரம் மரத்தின் ஓரத்தில் தங்கி, நல்ல மரத்தையும் அழுகச் செய்துவிடும். இதைச் சுரண்டி எடுக்கும்போது சுவரும் பெயர்ந்து வரும் என்று தச்சர் எச்சரித்திருக்கிறார்.

கழற்றிய சன்னல்கள் அன்றே லாரியில் போய்விட்டன. “குப்பைதானே, கொட்டிவிட்டேன்” என்கிறார். பழைய செங்காலை உணவகம் கட்டுபவர்களும் பங்களா கட்டுபவர்களும் நல்ல விலைக்கு வாங்கிக்கொண்டிருக்கும்போது யார் கொட்டுவார்கள்?

வீட்டுக்கு யாராவது வந்தால், அனுமதிக் கடிதத்தின் நகலைக் கையில் வாங்காமல் ஓர் ஆணியைக்கூடக் கழற்ற விடாதீர்கள். வாங்கினாலும் மன்றத்துக்கே போய்க் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தேசிய மரபுடைமைச் சட்டம் 2005-இன் கீழ் அரசிதழில் அறிவிக்கப்பட்ட கட்டடமாக இருந்தால் மரபுடைமை ஆணையரின் ஒப்புதலும் தேவைப்படும். கழற்றும் மரம் வீட்டுக்காரருக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அந்த ஒரு வரியைக் கேட்டதுமே சிலர் திரும்பிப் போய்விடுவார்கள்; போகட்டும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் பிள்ளைகள் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். நாங்கள் கொடுத்துவிட்டோம். ரசீது, வேலைக்கு முந்தைய புகைப்படங்கள், அவர் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

இன்னொன்று. எங்கள் சன்னல்கள் எங்காவது விற்பனைக்கு வரக்கூடும். பச்சைச் சாயம், உரிந்த இடங்களில் அடியில் நீலம். எந்தக் கதவு எந்த நிலைக்கு என்று அடையாளம் தெரிய, கீல் பக்கத்து விளிம்பில் அந்தக் காலத் தச்சர் உளியால் கீறல்கள் போட்டிருக்கிறார்: ஒன்றில் ஒரு கீறல், அடுத்ததில் இரண்டு, இப்படி வரிசையாக. பார்த்தால் விற்பவரிடம் வாக்குவாதம் செய்ய வேண்டாம். படம் எடுத்து, இடத்தைக் குறிப்பிட்டு, எனக்கு அனுப்புங்கள். போலீஸ் புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.