ரமணரின் 'நான் யார்?': அலுவலகம் போய் வருகிற ஒருவனின் பார்வை

ஆன்மிகத்தில் எதைப் படிக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது இந்தச் சின்ன நூலைத்தான். சட்டைப் பையில் அடங்கும், விலையும் குறைவு. ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஆனால் படித்தாயிற்று என்று அலமாரியில் வைக்க இன்னும் மனம் வரவில்லை.

இது பிறந்த விதத்தை முதலில் சொல்ல வேண்டும். 1902 வாக்கில், தென்னார்க்காடு மாவட்ட வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை, திருவண்ணாமலை மலைக்குகையில் இருந்த ரமணரைப் பார்க்கப் போனார். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ரமணர் அப்போது பேசுவதில்லை. பிள்ளை கேட்கக் கேட்க, பதில்களை எழுதிக் காட்டினார். அவை 1923-இல்தான் அச்சேறின. கேட்டவர் காவி கட்டியவர் அல்லர், என்னைப் போலக் கோப்புகளுக்கு நடுவே நாளை ஓட்டியவர் என்பதில் எனக்குப் பெரிய தெம்பு. மனம் எப்படி அடங்கும், எதுவரை விசாரிக்க வேண்டும் என்று அவர் கேட்பதெல்லாம் நாமும் கேட்பவைதானே.

பதில்களில் சுற்றிவளைப்பே கிடையாது. ஓர் எண்ணம் எழுந்தால் அதன் பின்னால் போகாமல், இது யாருக்கு வந்தது என்று கேட்க வேண்டும். எனக்கு என்று தோன்றும். அந்த நான் யார் என்று பார்க்க வேண்டும். வழி இவ்வளவுதான். அப்புறம் அந்த ரயில் உவமை! எல்லாப் பாரத்தையும் ரயில் சுமக்கிறது என்று தெரிந்தும், அதில் ஏறியவர் தன் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று ரமணர் கேட்கிறார். அப்பா நோயில் கிடந்த மாதங்களில் நான் பிடித்துக்கொண்டது இந்தப் பத்தியைத்தான். மருந்துச் சீட்டு, லீவு, பணம் என்று அலைச்சல் ஒன்றும் குறையவில்லை. ஆனால் ராத்திரி தூங்க முடிந்தது.

ரமணரின் வாழ்க்கையையும் சேர்த்துப் படியுங்கள், எழுத்து இன்னும் ஆழமாக இறங்கும். 1896-இல் மதுரையில், 16 வயதில், திடீரென்று மரண பயம் பிடிக்கிறது. யாரையும் கூப்பிடாமல், செத்தவனைப் போல விறைத்துப் படுத்து, சாவது எது என்று உள்ளுக்குள் பார்க்கிறார். சில வாரங்களில் வீட்டை விட்டுக் கிளம்புகிறார். அண்ணனுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டக் கொடுத்த 5 ரூபாயில் வழிச்செலவுக்கு 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் போகிறார். எல்லாவற்றையும் விட்டுப் போகிற நேரத்திலும் அந்த 2 ரூபாய்க்குக் கணக்குச் சொன்ன பையனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதன் பிறகு 1950-இல் உடலை விடும்வரை திருவண்ணாமலையைத் தாண்டி எங்கும் போகவில்லை. கடைசியில் கையில் புற்றுநோய் வந்து, அறுவைச் சிகிச்சைகள் நடந்தபோதும், வந்தவர்களுக்குத் தரிசனம் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. உடம்பு நானல்ல என்று நூலில் வருகிற வரியை, இதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் வெறும் தத்துவமாகப் படிக்க முடியவில்லை.

ஒரு குறையும் உண்டு. நடை பழையது. விருத்தி, நிஷ்டை, மனோநிக்கிரகம் போன்ற சொற்கள் அடுத்தடுத்து வரும், புதியவர்கள் திணறுவார்கள். விவரம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல்முறை படித்தால் நல்லது. அற்புதக் கதைகளை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான், இதில் ஒன்றுகூட இல்லை.

கேள்வி-பதிலாக ஒரு வடிவமும், ரமணரே பின்னர் கட்டுரையாக எழுதிய வடிவமும் கிடைக்கின்றன. முதலில் கேள்வி-பதிலை வாங்குங்கள். நாளைக்கு ஒரு பதில் போதும், கட்டுரைக்கு அப்புறம் வரலாம். விளக்கவுரைகளை வாங்கி அடுக்க வேண்டாம். நூல்களை அளவில்லாமல் படித்துக்கொண்டே போவதில் பயனில்லை என்று அவரே இதில் சொல்லியிருக்கிறார்.