பன்றித் தீவனத்தில் கலக்கும் என்சைம் பவுடர்: ஒரு வருடம் போட்டுப் பார்த்தாச்சு

முதலிலேயே மார்க்கைச் சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு மூன்று. பவுடர் வேலை செய்கிறது, ஆனால் கடையில் சொல்லி விற்ற அளவுக்கு இல்லை. முதல் பாக்கெட் வேலை செய்யாமல் போனதற்கு முக்கால்வாசிக் காரணம் நான்தான், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். கம்பெனிப் பெயரும் கடைப் பெயரும் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், எதற்கு வீண் வம்பு? அதோடு இந்த வகைப் பவுடர் நாலைந்து பெயரில் கிடைக்கிறது, இங்கே சொல்வது பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

நமக்குப் பனச்சமூடு பக்கம். வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் கேரளாவில் இருக்கிறவர் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவு பக்கத்தில் எல்லை. ரப்பர் தோட்டத்துக்குக் கீழே கொட்டகை, தாய்ப் பன்றி நாலு, மற்றபடி வளர்த்து விற்கிற குட்டிகள், எல்லாம் வெள்ளை யார்க்‌ஷயர் கலப்பு. முன்பெல்லாம் ஓட்டல் மிச்சம்தான் பாதித் தீவனம். இப்போது களியக்காவிளை வழியாகக் கழிவு ஏற்றி வரும் வண்டியை மடக்கிப் பிடிப்பது அடிக்கடி நடக்கிறது, ஊர்க்காரர்களுக்கும் நாற்றத்தால் கோபம், அது நியாயமான கோபம்தான். 2022-இல் வயநாட்டில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்த பிறகு வெளிச் சாப்பாட்டு மிச்சத்தைக் கண்டாலே எனக்கும் பயம். ஆகவே மெல்ல மெல்ல விலைக்கு வாங்கும் தீவனத்துக்கு மாறினேன். பன்றி வளர்ப்புச் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தீவனத்துக்கே போய்விடும் என்பதால், ஒரு கிலோ தீவனத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சதை பிடிக்கும் என்று யார் சொன்னாலும் காது தன்னாலே நீளும்.

அப்படித்தான் மார்த்தாண்டத்தில் தீவனக் கடையில் மாட்டினேன். "இதப் போட்டுப் பாருங்க அண்ணே, மாசம் பத்து கிலோ கூடுதலா ஏறும், இல்லேன்னா என்ன வந்து கேளுங்க" என்றார். ஒரு கிலோ 480 ரூபாய். ஒரு டன் தீவனத்துக்கு அரை கிலோ போட வேண்டும் என்று பாக்கெட்டில் அச்சடித்திருந்தது. பிரித்தால் இளம் பழுப்பு நிறம், தவிடு மாதிரித் தூள், இரண்டு நாள் புளித்த தோசை மாவு வாசம் லேசாக அடிக்கும். வாசத்துக்கும் காரணம் உண்டு, இந்த நொதிகளை, அதாவது என்சைம்களை, பெரும்பாலும் பூஞ்சையையும் பாக்டீரியாவையும் வளர்த்துத்தான் எடுக்கிறார்கள்.

இனி என் முட்டாள்தனம். அப்போது இன்னும் பாதிக்குப் பாதி வேகவைத்த தீவனம்தான். பெரிய வார்ப்பில் ஓட்டல் மிச்சம், மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கின் தோல், தவிடு எல்லாம் போட்டு நோய்ப் பயத்தில் நன்றாகக் கொதிக்கவிடுவேன். உப்புப் போடுகிற மாதிரி இந்தப் பவுடரையும் கொதிக்கிற வார்ப்பில் தூவினேன். இரண்டு மாதம். ஒன்றும் நடக்கவில்லை. குட்டிகள் எப்போதும் போல வளர்ந்தன, எப்போதும் போலக் கழிந்தன. கடைக்காரரைத் திட்டிக்கொண்டே வெள்ளறடை பக்கத்தில் இருக்கும் ஓய்வு பெற்ற கால்நடை டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் பாக்கெட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, "எடோ, நீ அத வேவிச்சுக் கொன்னல்லோ" என்று சிரித்தார். நொதி என்பது புரதம், முட்டை வெந்தால் எப்படி ஆகுமோ அப்படித்தான் இதுவும். குருணைத் தீவனம் அழுத்தும் மில்லிலேயே 80, 85 டிகிரிக்கு மேல் நீராவி போனால் சாதாரண நொதி செத்துவிடும், அதற்கென்று மேலே பூச்சுக் கொடுத்த, சூடு தாங்கும் வகையைத்தான் அங்கே போடுவார்களாம். நான் கொதிக்கிற கஞ்சியில் போட்டிருக்கிறேன்! இந்த ஒரு வரியைப் பாக்கெட்டில் எங்காவது அச்சடித்திருக்கிறார்களா என்றால் இல்லை. நம்ம பக்கத்தில் பன்றி வளர்ப்பவர்களில் வேகவைக்காதவர் எத்தனை பேர்? முதல் ஒரு மார்க் அங்கே போயிற்று.

இரண்டாவது பாக்கெட்டை ஒழுங்காகப் போட்டேன். அதற்கு முன் இது என்ன செய்கிறது என்று டாக்டர் சார் சொல்லி எனக்குப் புரிந்ததைச் சொல்லிவிடுகிறேன், இது புரியாமல் வாங்கினால் பணம் வீண். தவிட்டிலும் தானியத்திலும் இருக்கும் பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட் என்ற பூட்டுக்குள் இருக்கிறது. பன்றியின் குடலில் அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி போதுமான அளவு கிடையாது, ஆகவே அது அப்படியே சாணத்தில் போய்விடும், நாம் எலும்புக்கு என்று தனியாக டைகால்சியம் பாஸ்பேட் காசு கொடுத்து வாங்கிப் போடுவோம். ஃபைட்டேஸ்தான் அந்தச் சாவி. 1991-லேயே சந்தைக்கு வந்துவிட்டது. பன்றிச் சாணத்துப் பாஸ்பரஸ் மண்ணையும் தண்ணீரையும் கெடுக்கிறது என்று நெதர்லாந்தில் கெடுபிடி வந்ததுதான் அதை வேகமாகப் பரவ வைத்தது. அடுத்தது நார். கோதுமைத் தவிடு, அரிசித் தவிடு நாரை உடைக்க சைலனேஸ், தேங்காய்ப் புண்ணாக்கில் இருக்கும் மன்னன் என்ற நாரை உடைக்க மன்னனேஸ். மன்னன் என்றதும் என் மகன் "எந்த நாட்டு மன்னன்?" என்று கேட்டுவிட்டு ஓடினான். அப்புறம் புரதத்துக்குப் புரோட்டியேஸ், மாவுச்சத்துக்கு அமைலேஸ். கடைசி இரண்டும் வளர்ந்த பன்றிக்கு அதன் உடம்பிலேயே வேண்டிய அளவு சுரக்கும், பால் மறந்த புதுக் குட்டிக்குத்தான் கொஞ்ச நாள் பற்றாக்குறை.

இதில்தான் பவுடர் மேல் என் இரண்டாவது குறை. நம்ம குமரி மாவட்டத்தில் எவன் வீட்டுப் பன்றியும் தேங்காய்ப் புண்ணாக்கு தின்னாமல் வளராது. ஆனால் நான் வாங்கிய பவுடரில் மன்னனேஸ் பெயரே இல்லை! சைலனேஸ், செல்லுலேஸ் (இதுவும் நாரை உடைப்பதுதான்), அமைலேஸ், புரோட்டியேஸ், ஃபைட்டேஸ் என்று ஐந்து பெயர், அதிலும் ஃபைட்டேஸுக்கு மட்டும் எத்தனை யூனிட் (நொதி எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கான அளவு) என்று எண் போட்டிருக்கிறது, மற்ற நாலுக்கும் எண்ணே கிடையாது. நொதியை எடை பார்த்து வாங்க முடியாது, யூனிட் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஃபைட்டேஸ் என்றால் ஒரு கிலோ தீவனத்துக்கு 500 யூனிட் என்பது வழக்கமான அளவு, இதில் கணக்குப் போட்டால் அது சரியாக வந்தது. மற்றவை சும்மா பெயருக்கு ஒரு சிட்டிகையா, நிஜமாகவே இருக்கிறதா, கடவுளுக்கே வெளிச்சம்.

சரி, பரீட்சைக்கு வருவோம். ஒரே வாரத்தில் பிறந்த பன்னிரண்டு குட்டியை ஆறு ஆறாகப் பிரித்து அடுத்தடுத்த இரண்டு அறையில் விட்டேன். தீவனம் இரண்டுக்கும் ஒன்றுதான், மக்காச்சோளம் 35 பங்கு, எண்ணெய் எடுத்த தவிடு 25, தேங்காய்ப் புண்ணாக்கு 15, சோயாப் புண்ணாக்கு 13, வாட்டிய மரச்சீனி 10, மிச்சம் தாது உப்பும் சாதா உப்பும். ஒரு அறைக்கு மட்டும் பவுடர். டன்னுக்கு அரை கிலோ என்றால் அப்படியே கொட்டிக் கிளறினால் ஒரு பன்றிக்கு எல்லாம், இன்னொன்றுக்கு ஒன்றுமில்லை என்றாகிவிடும். முதலில் ஐந்து கிலோ தவிட்டில் பவுடரைக் கலந்து, பிறகு தார்ப்பாயில் விரித்த தீவனத்தின் மேல் தூவி, மண்வெட்டியால் மூன்று தரம் புரட்டினேன். முதல் தடவை மூக்கை மூடாமல் செய்து அன்று இரவு முழுக்கத் தும்மல், கண் எரிச்சல். நொதித் தூசி சிலருக்கு ஆஸ்துமாவே கொண்டுவரும் என்று பிறகுதான் தெரிந்தது, முகத்தில் துண்டு கட்டாமல் தொடாதீர்கள்.

எடை போட எங்களிடம் தராசு இல்லை. தையல்காரர் டேப்பால் முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவும், காதுக்கு நடுவிலிருந்து வால் அடி வரை நீளமும் மீட்டரில் எடுத்து, சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 69.3-ஆல் பெருக்கினால் கிலோ வரும். ஒரு மீட்டர் சுற்றும் 1.1 மீட்டர் நீளமும் என்றால் 76 கிலோ. பன்றி அசையாமல் நிற்க வேண்டும், அதுதான் கஷ்டம், ஒரு சட்டி சோளத்தை முன்னால் வைத்து நான் குனிந்து அளக்க, மனைவி நோட்டில் எழுத, அவள் எழுதிய எண்ணை நானும் நான் சொன்ன எண்ணை அவளும் நம்பாமல் மறுபடி அளக்க, காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் பத்தாகிவிடும்.

தொடங்கும்போது இரண்டு அறையிலும் சராசரி 21 கிலோ. 90 நாளில் பவுடர் இல்லாத அறை 62, பவுடர் போட்ட அறை 65.5. ஒவ்வொரு அறையும் 1080 கிலோ தீவனம் தின்றது, ஆக ஒரு கிலோ எடை ஏற ஒன்றில் 4.4 கிலோ, மற்றதில் 4 கிலோ. ஒரு பன்றிக்கு மூன்று மாதப் பவுடர் செலவு 43 ரூபாய், கூடின மூன்றரைக் கிலோவுக்கு அன்று எனக்குக் கிடைத்த விலையில் 525 ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டேப் கணக்கில் ஒரு பன்றிக்கு நாலைந்து கிலோ முன்பின் தவறும், ஆறு பன்றியை வைத்துப் போட்ட கணக்கு, பவுடர் இல்லாத அறையில் ஒன்று பிறவியிலேயே சோனி. அந்தச் சோனியை விட்டுவிட்டுப் பார்த்தால் வித்தியாசம் இரண்டு கிலோகூட இல்லை. அதனால் "ஏதோ கொஞ்சம் இருக்கிறது" என்பதற்கு மேல் சத்தியம் பண்ண மாட்டேன். மாசம் பத்து கிலோ கூடுதல் என்பது சுத்தப் பொய், இது ஊக்க ஊசி இல்லை, தீவனத்தில் இல்லாத சத்தை எந்த நொதியும் கொண்டுவராது.

கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது சாணம். பவுடர் அறையில் சாணம் குறைவு, சேர்மானமாக விழும், கழுவ ஒரு வாளித் தண்ணீர் மிச்சம். பால் மறந்த குட்டிகளுக்கும் போட்டேன், கழிச்சல் குறைந்த மாதிரி இருந்தது, ஆனால் அதே வாரம்தான் தண்ணீர்த் தொட்டியையும் மாற்றினேன், எதனால் என்று சொல்லத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணனுக்கு இது பலிக்கவே இல்லை. அவர் கம்பெனித் தீவனம் போடுகிறார், சோளமும் சோயாவும் நிறைய, அதில் ஏற்கனவே நொதி சேர்த்திருக்க வாய்ப்பு உண்டு, பாஸ்பரஸும் வேண்டிய அளவு இருக்கும். அதன் மேல் இன்னும் பவுடர் போட்டால் அது எதைப் போய் உடைக்கும்? தவிடும் புண்ணாக்கும் அதிகம் போடுகிற என்னை மாதிரி ஆட்களுக்குத்தான் இதில் ஏதாவது உண்டு. நான் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு டைகால்சியம் பாஸ்பேட்டைக் கொஞ்சம் குறைத்தேன், மிச்சமான காசு பவுடர் விலையைக் கட்டிவிட்டது. உண்மையான லாபம் அதுதான் என்று நினைக்கிறேன், எடை ஏறியது மேல்வரும்படி. கேட்காமல் நீங்களாகக் குறைக்க வேண்டாம், பன்றி கால் நொண்ட ஆரம்பித்தால் திரும்பச் சரிசெய்வது பெரும்பாடு.

கறி வாங்க வருகிறவர்கள் கேட்பார்கள், ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஒருவர் கேட்டேவிட்டார், "என்ன மருந்து போட்டு வளக்குற?" என்று. மருந்தும் இல்லை ஹார்மோனும் இல்லை, விற்பதற்கு முன் இத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்ற கணக்கும் இதற்குக் கிடையாது என்று சொன்னேன். நம்பாமல் இரண்டு கிலோ வாங்கிப் போனார், மறுவாரம் மூன்று.

கடையில் திரும்பப் போய் யூனிட் கணக்கையும் மன்னனேஸையும் கேட்டேன். "அதெல்லாம் யாரு அண்ணே பாக்குறா" என்றார். மூன்றாவது பாக்கெட் அவரிடம் வாங்கவில்லை. தேங்காய்ப் புண்ணாக்குக்கு ஏற்றது, யூனிட் அச்சடித்தது ஒன்று பாறசாலையில் கிடைக்கும் என்று டாக்டர் சார் சொல்லியிருக்கிறார், விலை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. பழைய பாக்கெட்டில் கால் கிலோ மிச்சம் இருக்கிறது. கொட்டகைத் தகரத்துக்கு அடியில் வைத்திருந்ததை மழைக்காலம் தொடங்கியதும் டப்பாவில் அடைத்து வீட்டுக்குள் கொண்டுவந்தேன், சூடும் ஈரமும் பட்டால் பாக்கெட்டிலேயே செத்துப்போகும். சமையலறை அலமாரியில் அதைப் பார்த்ததும் மனைவி டப்பா மேல் கொட்டை எழுத்தில் "பன்னிக்கு" என்று எழுதி ஒட்டிவிட்டாள்.